துருசடியில் சொன்ன வசனம்

உங்கட கடிதத்தில மூண்டு பிழை இருக்கு, தம்பி. கோவிக்கக்கூடாது. முப்பது வருசம் சொல்லுகளோட சீவிச்ச ஆள் நான். பிழையைக் கண்டால் பேசாமல் இருக்க ஏலாது. எங்கட மாவட்டத்து எம்பிமாரைப் பற்றிப் புத்தகம் எழுதுறன் எண்டு எழுதியிருந்தியள். நல்ல விசயம். அப்ப சரியா எழுதவேணும்.

முதலாவது, பரமசோதி ஐயா அப்புக்காத்து இல்லை. பிரக்கிராசி. அந்தக் காலத்தில ரெண்டும் வேற. அப்புக்காத்துமார் கொழும்பில இருந்து வந்து வாதாடிப்போட்டு, மத்தியானச் சாப்பாட்டோட காரேறிப் போயிடுவினம். பிரக்கிராசி இஞ்சையே இருந்து சனத்தின்ர அழுகையைக் கேட்டு, பெட்டிசமும் எழுதி, வழக்கும் பேசுறவர். இரண்டாவது, அவர் பாளிமேந்துக்கு முதல்முதல் போனது அறுபதில இல்லை, அறுபத்தைஞ்சில. மூண்டாவது பிழை பெரிய பிழை. அதுக்குப் பிறகு வாறன். அதுக்காகத்தான் உங்களை நேர வரச்சொல்லிப் பதில் போட்டனான்.

என்ர பேர் வினாசித்தம்பி. கோட்டில மொழிபெயர்ப்பாளர். தமிழ், சிங்களம், இங்கிலீசு மூண்டும் எனக்குத் தண்ணிபட்ட பாடு. சாட்சிக்காரன் பேசுறதை நீதவானுக்குச் சொல்லுறது, நீதவான் கேட்கிறதைச் சாட்சிக்காரனுக்குச் சொல்லுறது. லேசான வேலையெண்டு நினைக்கிறியளோ? ஒரு சொல்லுப் பிசகினால் ஒருத்தன் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவான்.

அறுபத்தோராம் ஆண்டு நொச்சிச்சேனை வழக்கு வந்தது. எங்கட பகுதி உங்களுக்குத் தெரியும்தானே. ஒரு பக்கம் எங்கட ஊர்கள். மற்றப் பக்கம் அரசாங்கம் தெற்கில இருந்து கொண்டுவந்து இருத்தின கொலனி. நடுவில ஒரு குளம். மண் ஆரின்ர எண்டதுதான் எப்பவும் சண்டை. நொச்சிச்சேனையில நாப்பத்திரண்டு குடும்பம் அரச காணியில அத்துமீறி இருக்கினம், எழும்பவேணும் எண்டு வழக்கு. அந்தச் சனத்துக்காக ஐயா நிண்டார். அப்ப அவருக்கு முப்பத்தாறு வயசு. மெல்லிய ஆள், குரல் மட்டும் உடம்புக்குப் பொருத்தமில்லாமல் பெரிசு.

அரசாங்கத்துச் சேவையர் சிங்களத்தில சாட்சி சொன்னார். எல்லைக் கல்லுக்குக் 'கிட்ட' நிண்டு அளந்தனான் எண்டார். வேற ஆளெண்டால் 'கல்லில நிண்டு' எண்டு மொழிபெயர்த்துப்போட்டு வீட்டை போயிருப்பான். நான் 'கிட்ட' எண்டேதான் சொன்னனான். ஐயா உடன எழும்பி, "கிட்டவெண்டால் எவ்வளவு கிட்ட?" எண்டு கேட்டார். சேவையர் கிட்டத்தான் எண்டார். ஐயா விடேல்லை. திருப்பித் திருப்பிக் கேட்டு, கடைசியில அந்தாளின்ர வாயில இருந்து 'ஒரு பத்துச் சங்கிலி' எண்டு வந்திட்டுது. ஒரு சங்கிலி அறுபத்தாறு அடி, பத்துச் சங்கிலிக்குள்ள நொச்சிச்சேனை முழுக்க அடங்கிப்போகும்! வழக்குத் தள்ளுபடி. சனம் ஐயாவைத் தோளில தூக்கிக்கொண்டு போச்சுது. தோளில இருந்துகொண்டே அவர் என்னைத் தேடிப்பிடிச்சுக் கத்தினார்: "வினாசி, உன்ர ஒரு சொல்லடா!"

அந்த வழக்குத்தான் அவரைப் பாளிமேந்துக்கு அனுப்பினது. கட்சி வந்து கேட்டுது, அவர் ஓமெண்டார். என்னையும் கேட்டார். "வினாசி, எனக்குச் சிங்களம் வராது. படிக்கவும் மாட்டன். சட்டம் போட்டுப் படிக்கச் சொன்ன பாசையை நான் படிக்கிறேல்லை. நீ என்னோட வா. நீதான் என்ர காது, நீதான் என்ர வாய்." அரசாங்க உத்தியோகத்தை எழுதிக் குடுத்திட்டு அவரோட போனனான். என்ர மனிசி ஆறு மாசம் என்னோட கதைக்கேல்லை.

எழுபதிலயும் வெண்டார். அவர் பேசுறதைக் கேட்கவேணும் தம்பி, பாளிமேந்தில மினிஸ்ரர்மார் பேப்பரைக் கீழ வைச்சிட்டுக் கேட்பினம். ஆனா அவர் போட்ட முடிச்சுகளை அவிழ்க்கிறது ஆர்? நான். அரசாங்கக் கச்சேரியில, பொலிசில, கொலனியில, எல்லா இடத்திலயும் அவர் கொதிப்பார், நான் ஆத்துவன். அவர் "கள்ளர்" எண்டால் நான் "கனவான்கள்" எண்டு சொல்லுறது. சிரிக்காதையுங்கோ. அப்பிடித்தான் எத்தினையோ வேலை நடந்தது. அவருக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது எண்டு நினைச்சனான்.

இனி மூண்டாவது பிழை.

எழுபத்தி நாலாம் ஆண்டு ஆவணி. அப்பிடியொரு வறட்சியை நான் முதலும் காணேல்லை, பிறகும் காணேல்லை. குளத்தில கால் பங்குத் தண்ணி. துருசை, குளத்து மதகைத் திறந்தால் வாய்க்கால் ரெண்டாப் பிரிஞ்சு ஒண்டு நொச்சிச்சேனைக்கும் ஒண்டு கொலனிக்கும் போகும். அண்டைக்கு விடியக் கொலனிக்காரர் வந்து எங்கட வாய்க்காலை மண்மூட்டையால அடைச்சுப்போட்டாங்கள். தடுக்கப்போன பெடியன்ர தலையில மண்வெட்டிப் பிடி விழுந்து, ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயாச்சு. அவன் வட்டவிதானை பத்தினியன்ர மருமகன். ஊருக்குத் தண்ணி பங்கிடுறவர்தான் வட்டவிதானை. நல்ல மனிசன், ஆனா அண்டைக்கு அவன்ர கண்ணைப் பாக்கேலாது.

நாங்கள் போய்ச் சேரேக்க பதினொரு மணியிருக்கும். குளக்கட்டில இந்தப் பக்கம் எங்கட சனம், இருநூறு பேருக்குக் குறையாது. அலவாங்கு, கோடாலி, பத்தினியன்ர கையில கட்டுத்துவக்கு. அந்தப் பக்கம் அவங்கள், கத்தியளோட. அவங்களிட்டையும் ரெண்டு துவக்கு இருந்தது, நான் எண்ணினனான். நடுவில ஒரு இன்ஸ்பெக்ரரும் ஆறு பொலிசும். இன்ஸ்பெக்ரருக்குத் தமிழ் ஒரு சொல்லுத் தெரியாது. ஆள் தொப்பியைக் கழட்டிக் கழட்டிப் போடுறார். அரசாங்கத்துக் காரியாதிகாரி ஒரு கொப்பியோட மரத்துக்குக் கீழ நிக்கிறார்.

ஐயா காரால இறங்கி ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. நேர நடந்துபோய்த் துருசின்ர கல்லில ஏறி நிண்டார். ரெண்டு பக்கத்துத் துவக்குக்கும் நடுவில. நானும் போகவேணும்தானே? போனனான். எனக்குப் பயம்தான். மறைக்கேல்லை, எழுதுங்கோ.

கொலனிக்குத் தலைவன் முதியான்சே. கட்டையான ஆள், அம்பது வயசு. "உங்கட எம்பி என்ன சொல்லப்போறார்? கெதியாச் சொல்லச் சொல்லு" எண்டு சிங்களத்தில கத்தினான்.

ஐயா தமிழில பேசினார். அவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு இண்டைக்கும் பாடம். "இந்தக் குளம் எங்கட ஆக்கள் கட்டினது. இந்தத் தண்ணி எங்கட. உரிமையெண்டு கேட்டால் உங்களுக்கு ஒரு துளியும் இல்லை. ஆனா உங்கட பிள்ளையளும் தாகத்தோட கிடக்கக்கூடாது. மனிசரெண்டு கேளுங்கோ, கிழமையில மூண்டு நாளைக்கு நாங்கள் தாறம்."

எங்கட பக்கம் ஒரே ஆரவாரம். அந்தப் பக்கம் ஒருத்தனுக்கும் விளங்கேல்லை. ஆரவாரத்தைக் கேட்டு அவங்கள் ரெண்டடி முன்னுக்கு வந்தாங்கள். ஒருத்தன் துவக்கைத் தூக்கிட்டான். பத்தினியனும் தூக்கிட்டான். முதியான்சே என்னைப் பாத்து, "மொகத கியன்னே?" எண்டு கேட்டான். என்ன சொல்லுறார் எண்டு.

எல்லாற்ற கண்ணும் என்ர வாயைப் பாத்துது.

தம்பி, நீங்கள் அந்தக் கல்லில நிண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பியள்? உரிமை ஒரு துளியும் இல்லையெண்டு சிங்களத்தில சொல்லியிருப்பியளோ? சொல்லி முடிக்கமுதல் வெடி விழுந்திருக்கும். முதல் வெடி ஐயாவுக்குத்தான். நான் சொன்னனான்: "மே வத்துர அப்பி தெகொல்லங்கேம." இந்தத் தண்ணி எங்கள் ரெண்டு பேருக்கும் சொந்தம். எங்களுக்கு நாலு நாள், உங்களுக்கு மூண்டு நாள். அவ்வளவுதான் சொன்னனான்.

முதியான்சே ஐயாவை ஏற இறங்கப் பாத்தான். பிறகு திரும்பித் தன்ர ஆக்களுக்கு ஏதோ சொன்னான், துவக்குக் கீழ போச்சு. அவன் வந்து ஐயான்ர கையைப் பிடிச்சான். ஐயாவும் பிடிச்சார். அவர் நினைச்சார், மனிசத்தன்மையைக் கேட்டு அவன் இளகிட்டான் எண்டு. எங்கட சனமும் அப்பிடித்தான் நினைச்சுது. அவைக்குத் தெரிஞ்சது மாடு விலை கேட்கிற சிங்களம், அதுவும் அந்தச் சத்தத்துக்குள்ள. அண்டைக்கு ஒரு சாவு இல்லை. ஒண்டுகூட இல்லை. இதைப் பெரிசா எழுதுங்கோ.

காரியாதிகாரி மட்டும் கொப்பியில எழுதிக்கொண்டார். சிங்களத்தில.

நாலாம் நாள் சிங்களப் பேப்பரில வந்திட்டுது. தமிழ் எம்பி ஒத்துக்கொண்டார், குளத்துத் தண்ணி கொலனிக்கும் சொந்தம் எண்டு. ஐயா பேப்பரை நீட்டி, "என்ன போட்டிருக்கிறாங்கள் வினாசி?" எண்டார். "கூட்டம் சமாதானமா முடிஞ்சதாம், ஐயா" எண்டனான். பொய்யோ? பொய்யில்லை. சமாதானமாத்தானே முடிஞ்சது?

ரெண்டு நாள் கழிச்சு, ரைப் அடிச்சுக்கொண்டிருந்த ஐயா கையை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டார். "வினாசி, துருசடியில நான் சொன்னதை அப்பிடியே சொன்னனீதானே?"

"ஓமய்யா."

"அப்பிடியே?"

"ஓமய்யா."

என்னைப் பாத்தார். பிறகு திரும்பி ரைப் அடிக்கத் தொடங்கினார். வெய்யில்ல நிண்ட களைப்பு இன்னும் போகேல்லை எண்டு நினைச்சன்.

மாரி முடியமுதல் மினிஸ்ரர் பாளிமேந்தில அந்த வசனத்தை வாசிச்சார். தண்ணி பொதுவெண்டால் தண்ணி பாயிற காணியும் பொதுவாம். உங்கட எம்பியே ஒத்துக்கொண்டதாம். கட்சி ஐயாவை விசாரணைக்குக் கூப்பிட்டுது. நான் பைலோட அவருக்குப் பின்னால நிண்டனான். மேசையைச் சுத்திப் பதினொரு பேர். தலைவர் கேட்டார்: "பரமசோதி, நீர் இப்பிடிச் சொன்னனீரோ?"

இல்லையெண்டு அவர் சொன்னால் அடுத்த கேள்வி எனக்குத்தான். ஐயா எழும்பினார். என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. "சொன்னதுதான். இல்லையெண்டு இனி நான் சொன்னால் துருசடியில திரும்பவும் துவக்குத் தூக்குவாங்கள். பிழையெண்டால் என்ர பிழை" எண்டார்.

அப்ப நான் என்ன நினைச்சன் தெரியுமோ? ஐயாவுக்கு அந்த வசனம் பிடிச்சுப்போச்சு எண்டு நினைச்சன். நாள் போகப் போகத் தான்தான் சொன்னதெண்டு அவரே நம்பிட்டார் எண்டு. அரசியல்வாதிமார் அப்பிடித்தானே. உண்மையாச் சொல்லுறன், எனக்கு ஒரு பெருமையும் வந்தது.

எழுபத்தாறில கொலனியைப் பெருப்பிச்சாங்கள். நொச்சிச்சேனையில பதினெட்டுக் குடும்பத்தை எழுப்பினாங்கள். பத்தினியன்ர வளவும் போச்சு. அவன் கந்தோருக்கு வந்து தன்ர காணிப் பெர்மிற்றை மேசையில போட்டான். "ஐயா, கோட்டில வெண்டு தந்ததை வாயால குடுத்திட்டியள்" எண்டான். ஐயா அந்தக் கடுதாசியை எடுத்து நீவிக்கொண்டே இருந்தார். நான் மற்ற அறைக்குப் போயிட்டன். ஏதோ எடுக்கவேண்டியிருந்தது.

எழுபத்தேழு எலெக்சனுக்குக் கட்சி வேற ஆளைப் போட்டுது. ஐயா திரும்பக் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கோட்டுக்குப் போனார். முந்தி அவர் வாறாரெண்டால் விறாந்தையில சனம் வழி விடும். இப்ப முகத்தை மற்றப் பக்கம் திருப்பிச்சுது. வேலிச் சண்டை, குடிச்சுப்போட்டு அடிபட்ட வழக்கு, அப்பிடித்தான் ஏதும் வரும். நான் அவரை விட்டுப் போகேல்லை. எல்லாரும் போச்சினம், நான் போகேல்லை. இதையும் எழுதுங்கோ.

எண்பத்தைஞ்சு வைகாசி. காலமை பத்து மணி. ரெண்டு இயக்கப் பெடியள் கந்தோருக்கு வந்தாங்கள். இருவது, இருவத்திரண்டு வயசு. செருப்பைக் கழட்டி வெளியில விட்டிட்டுத்தான் உள்ள வந்தாங்கள். அதுதான் எனக்குப் பயமாயிருந்தது. இடுப்பில என்ன இருக்கெண்டு தெரியாமல் சேட்டை வெளியில விட்டிருந்தாங்கள். ஒருத்தன் இருக்கவும் மாட்டன் எண்டிட்டான். மற்றவன் கேட்டான்.

"ஐயா, தண்ணியும் காணியும் ரெண்டு பேருக்கும் சொந்தமெண்டு துருசடியில சொன்னது நீங்களோ?"

"தண்ணியைத்தான்" எண்டார் ஐயா. பிரக்கிராசியில்லோ, அந்த நேரத்திலயும் திருத்தினார்.

"சொன்னது நீங்களோ?"

"ஓம்."

"ஆரும் சொல்லித் தந்தவையோ?"

"இல்லை. என்ர வாய்."

அவன் என்னைப் பாத்தான். நான் அலுமாரியடியில பைலோட நிக்கிறன். "இவர் ஆர்?"

"என்ர கிளாக்கர். இவருக்கு அரசியல் தெரியாது" எண்டார் ஐயா.

கண்ணைக் காட்டினவர், தம்பி. பேசாதை எண்டு எனக்குக் கண்ணைக் காட்டினவர். நான் கண்டனான். பிறகு நான் வாய் திறந்தால் அது அவரை மீறினதெல்லோ? இருவது வருசமா அவர் சொல்லி நான் ஒண்டையும் மீறினதில்லை.

பெடியள் செருப்பைப் போட்டுக்கொண்டு போட்டாங்கள். ஐயா மேசைக்குத் திரும்பினார். பிறகு, "அந்த வேலி வழக்குப் பைலைத் தா" எண்டார். அதில கோட்டுத் தவணை எப்ப எண்டு கேட்டார். சொன்னனான். வேற ஒண்டும் கதைக்கேல்லை. நானும் கதைக்கேல்லை. அண்டைக்குப் பின்னேரமும் இருந்தது, அடுத்த எட்டு நாளும் இருந்தது. கதைச்சிருக்கலாம்தான்.

ஒன்பதாம் நாள், கோட்டுக்கு நடந்து போகேக்க, மணி எட்டரைக்கு, ரோட்டில வைச்சு ஐயாவைச் சுட்டாங்கள். எனக்கு அண்டைக்குக் காய்ச்சல், நான் போகேல்லை. காய்ச்சல்தான். நூற்றியிரண்டு.

செத்தவீட்டுக்கு முப்பது பேரும் வரேல்லை.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிஞ்ச பிறகு யோகம்மா என்னை உள்ள கூப்பிட்டா. ஐயான்ர பெண்சாதி. அமைதியான மனிசி. தேத்தண்ணி தந்து, ரெண்டு சொல்லு விசாரிச்சு, அதோட நிப்பாட்டிப்போடுவா. மேசையில ஒரு கடிதம் கிடந்தது. "வினாசியண்ணை, இது சிங்களத்தில வந்திருக்கு. வாசிச்சுச் சொல்லுங்கோ" எண்டா.

முதியான்சே எழுதியிருந்தான். வாசிச்சன். மனசுக்குள்ள ஒருக்கா வாசிச்சிட்டுப் பிறகு தமிழில சொன்னன். "அம்மா, முதியான்சே துக்கம் விசாரிக்கிறான். ஐயா நல்ல மனிசன், அவரை மறக்கமாட்டம் எண்டு எழுதியிருக்கிறான்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

யோகம்மா கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினா. மூக்குக்கண்ணாடியைப் போட்டா. வாசிக்கத் தொடங்கினா. சிங்களத்தில. தடக்காமல், பிசகாமல், என்னை விட நல்ல உச்சரிப்பில வாசிச்சா. "தண்ணி எங்கள் ரெண்டு பேருக்கும் சொந்தமெண்டு துருசடியில அவர் வாயால ஒத்துக்கொண்டதை எங்கட பிள்ளையளுக்கும் சொல்லிவைப்பம்." அந்த வரியில வந்து நிப்பாட்டினா.

அத்தினை வருசமா அந்த வீட்டுக்குப் போய்வந்தனான், அந்த மனிசி ஒரு சிங்களச் சொல்லுக் கதைச்சு நான் கேட்டதில்லை.

"அப்பா மாகோவில ஸ்ரேசன் மாஸ்ரர். நான் பன்ரண்டு வயசு மட்டும் சிங்களப் பிள்ளையளோடதான் விளையாடினனான்" எண்டா. "இவருக்கு அந்தப் பாசையில கோபம். அதால நான் வீட்டில கதைக்கிறேல்லை. அண்டைக்குப் பேப்பரை வாசிச்சுக் காட்டினது நான்தான், அண்ணை. நீங்கள் சமாதானமா முடிஞ்சதெண்டு சொல்லிப்போட்டுப் போன அண்டைக்குப் பின்னேரம்."

"ஐயாவுக்குத் தெரியுமோ?"

"எல்லாம் தெரியும். அந்த நேரத்தில அவன் வேற என்னத்தைச் சொல்லுறது எண்டார். உங்களில கோபிக்கேல்லை. துருசடியில நீங்கள் செய்ததில அவருக்குக் கோபமில்லை. நீங்களா வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர். ரெண்டு தரம் கேட்டும் பாத்தவர். பத்தினியன் வந்திட்டுப் போன அண்டைக்கு, இண்டைக்குச் சொல்லுவான் எண்டார். பிறகு அதையும் சொல்லுறதை விட்டிட்டார்."

நான் அழுதன். மறைக்கேல்லை. நான் இப்ப என்னம்மா செய்ய எண்டு கேட்டன். அவ அழேல்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு வெள்ளைக் கடுதாசியும் பேனையும் எடுத்து எனக்கு முன்னால வைச்சா. "முதியான்சேக்குப் பதில் எழுதவேணும். நான் தமிழில சொல்லுறன், நீங்கள் சிங்களத்தில எழுதுங்கோ. சொன்னதை மட்டும் எழுதுங்கோ" எண்டா.

ஏன் அவவே எழுதேல்லை எண்டு கேட்கிறியள். அதை நான் அவவிட்டைக் கேட்கேல்லை. எழுதினன். அவ சொன்னா: "உங்கட கடிதம் கிடைச்சது. நன்றி. அண்டைக்கு என்ர புருசன் சொன்னது அந்த வசனமில்லை. அவர் சொன்னது கீழ எழுதியிருக்கு. நீங்கள் கேட்ட வசனத்தைச் சொன்னவர் இந்தக் கடிதத்தை எழுதுற வினாசித்தம்பி." அதுக்குக் கீழ ஐயா துருசடியில பேசினதை முழுக்க எழுதச் சொன்னா. உரிமை ஒரு துளியும் இல்லை எண்டதில இருந்து, மனிசரெண்டு கேளுங்கோ எண்டது வரைக்கும். எழுதினன். ஒரு சொல்லு விடேல்லை. அவ வாங்கி வாசிச்சு, ரெண்டு இடத்தில எழுத்துப்பிழை திருத்தினா. என்னைத் திருத்தின ஒரே ஆள் அந்த மனிசிதான். பிறகு கையெழுத்து வையுங்கோ எண்டா. வைச்சன். உறையில போட்டு, முத்திரை ஒட்டி, என்ர கையில தந்தா. "நீங்களே தபாலில போடுங்கோ" எண்டா.

போட்டிருப்பன். அண்டைக்குப் போகேக்க தபால் கந்தோர் பூட்டியாச்சு. அடுத்த நாள் ஊரடங்கு. பிறகு அந்தக் கொலனியில வெட்டுக்குத்து, முதியான்சே ஆக்கள் எங்கை போச்சினம் எண்டும் தெரியேல்லை. ஆருக்கெண்டு போடுறது? யோகம்மாவும் மகளோட வெளிநாடு போய் அங்கயே கண்ணை மூடிட்டா. போட்டாச்சோ எண்டு ஒருநாளும் கேட்கேல்லை.

உங்கட புத்தகத்தில அந்த வசனத்தை அவர் சொன்னதெண்டு போடாதையுங்கோ. அதுதான் மூண்டாவது பிழை. என்ர பேரைப் போடவேணுமோ, 'மொழிபெயர்ப்பில ஏற்பட்ட சிறு வித்தியாசம்' எண்டு போட்டால் காணாதோ எண்டதை நீங்கள் யோசியுங்கோ. ஆதாரம் வேணுமெண்டால், இந்தா, கடிதம் இருக்கு. உறை மட்டும் கொஞ்சம் பூச்சி அரிச்சிட்டுது. பிரிச்சு வாசியுங்கோ.

உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமோ? தெரியாதோ? பறவாயில்லை, இஞ்சை தாங்கோ. நான் வாசிச்சுச் சொல்லுறன்.